மருமகள் உடுத்த கரப்புடுப்பு

1

போனில் படம் வந்தபோது நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். ரொறன்ரோவில் வெயில் இருந்தும் குளிரத் தொடங்கிவிட்ட ஒரு காலை. இறங்க வேண்டிய தரிப்பு வந்து போனது. அடுத்ததும் போனது. கடைசித் தரிப்பில் சாரதி திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பவும் போனைப் பார்த்தேன்.

படம் பார்க்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் உண்டு. ஊரில் பத்திரிகை மேசையில் இருந்த காலத்தில் என் வேலையில் பாதி படங்களோடுதான். எதை எங்கே வெட்டுவது, எந்த முகத்தை எந்தப் பத்தியில் வைப்பது, கீழே இரண்டு வரியில் என்ன எழுதுவது. இறந்தவர்களின் படங்களைக்கூட அளவு பார்த்து வெட்டிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்போது ஒரு படத்துக்காகவும் நான் தரிப்பைத் தவறவிட்டதில்லை.

படத்தில் இருந்தது இதுதான். பின்னால் பழுகாமத்து வாவிக்கரை, பிற்பகல் வெளிச்சம். இடது பக்கம் என் மகன் பிரணவன், வேட்டியும் நீலச் சட்டையும். வலது பக்கம் என் தங்கை மகள் துஷாந்தி. அவளுடைய இடுப்பிலிருந்து கீழே சிவப்பாக ஒரு பெரிய வட்டம் விரிந்து நின்றது. குடை ஏதோ குறுக்கே வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பிரம்பு வளையங்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, ஒன்றைவிட ஒன்று அகலமாக, அவற்றின் மேல் சிவப்புத் துணிப் பட்டிகள். மகன் அந்த வட்டத்துக்கு வெளியே நின்று கையை முழுவதும் நீட்டியிருக்கிறான். விரல் நுனி அவள் தோளில் படவில்லை. அவள் கமராவைப் பார்க்கிறாள். சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை.

இவர்கள் இருவரும் உண்மையான கணவன் மனைவி என்று குடிவரவு அலுவலகத்தை நம்பவைக்க வேண்டிய படம் அது. அதற்காகத்தான் மகன் லீவு எடுத்து ஊருக்குப் போயிருந்தான்.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இங்கே இருக்கும் ஒருவர் ஊரில் ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து, எழுத்து என்போம் அதை, ஸ்பொன்சர் செய்தால், பதிவுத் துண்டு மட்டும் போதாது. இருவரும் கதைத்த விபரம், சேர்ந்து நின்ற படங்கள் எல்லாம் பைலுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் யார், எங்கே, எப்போது என்று எழுத வேண்டும். நான் பத்திரிகையில் இருந்தவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மருந்துக் களஞ்சியத்தில் பொதி கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒருவர் கலியாணப் படங்களோடு நிற்பார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஆசிரியர் பீட வேலை அது. சம்பளம் ஒரு பை பலகாரம்.

நம்முடைய கலியாணப் படங்களை அந்நியக் கண்ணால் பார்க்கக் கற்றது அப்போதுதான். மாப்பிள்ளை ஒரு தூண். பெண் இன்னொரு தூண். நடுவில் ஒரு மாமி. பல்லைக் காட்டினால் அடக்கமில்லை என்பார்கள் என்று பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும். ஊர் அதை மரியாதை என்று வாசிக்கிறது. அலுவலகம் அதை விருப்பமில்லை என்று வாசிக்கிறது. இரண்டு வாசகர்களுக்கும் பொருந்துகிற ஒரு படத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.

அதனால் மட்டக்களப்பு ரவுணில் இதற்கென்றே படம் எடுக்கும் தம்பிமார் இருக்கிறார்கள். மூன்று சோடி உடுப்போடு வரச் சொல்வார்கள். காலையில் கல்லடிப் பாலம், மதியம் பாசிக்குடா, பின்னேரம் வெளிச்சவீடு. ஒரு நாள் மூன்று மாதமாகிவிடும். தோளில் கை போடு, தலையைச் சாய், காதுக்குள் ஏதோ சொல்வது போல் நில். முன்பின் பழகாத இரண்டு பேர் வெயிலில் வியர்க்க வியர்க்க அன்பு காட்டுவார்கள். ஒரு சோடியின் படங்களில், மூன்று மாதம் கழித்தும் பெண்ணின் தலையில் அதே மல்லிகைச் சரம் வாடாமல் இருந்தது. அதைக் கண்டுபிடித்து வெட்டிக் கொடுத்தவன் நான்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, என் வீட்டுக்கு வரும்வரை.

3

பிரணவனுக்கும் துஷாந்திக்கும் முறை. அவள் என் தங்கை ராணியின் மகள், அவனுக்கு மச்சாள். நாங்கள் யாரும் பேசி வைக்கவில்லை. மூன்று வயதில் இங்கே வந்தவன், வளர்ந்து ஒரு முறை ஊருக்குப் போய் வந்தான். வந்ததிலிருந்து போனும் கையுமாக இருந்தான். தமிழை மறந்து கொண்டிருந்த பிள்ளை. பெரியவனான பிறகு எங்களோடு அவன் தமிழில் கதைத்தது “பசிக்குது” என்ற ஒரு சொல்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் “மறுகா நான் கடைக்குப் போறன்” என்றான். நான் கோப்பையை வைத்துவிட்டேன். பிறகு என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. இங்கே பல ஊர்க்காரரோடும் பழகி நானே அதைக் கைவிட்டுப் பல காலம். என் மகன் அதைப் போனில் துஷாந்தியிடமிருந்து எடுத்து வந்திருந்தான்.

அடுத்த முறை அவன் போனபோது பதிவு எழுத்து பழுகாமத்தில் ராணி வீட்டில் நடந்தது. தாலி கட்டுவது பிறகு நல்ல நாள் பார்த்து என்று முடிவு. விண்ணப்பத்தில் முதல் தகராறு மச்சாள் என்ற உறவைப் பற்றியது. இங்கத்தைய மொழியில் பெரியப்பா பிள்ளைக்கும் மாமி பிள்ளைக்கும் ஒரே சொல். ஒன்று கட்டக் கூடாத உறவு, மற்றது கட்ட வேண்டிய உறவு என்று நான் ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். அது தாண்டியது. பிறகு கடிதம் வந்தது. அனுப்பிய படங்களில் தம்பதிக்குரிய நெருக்கம் தெரியவில்லை, மேலும் ஆதாரம் தேவை என்பது அதன் சாரம்.

என் மனைவி மலர் உடனே ராணியை அழைத்தாள்.

“மச்சாள், கடதாசி வந்திருக்கு. படத்தில ரெண்டும் ஒட்டி நிக்கல்லயாம்.”

“தாலி ஏறல்ல மச்சாள். எப்பிடி ஒட்டி நிக்கிற? ஊரில என்ன கதைப்பாங்க?”

“ஊரா பைலப் பாக்கிற? வெள்ளக்காரன்தானே பாக்கிறான்.”

“அப்ப வெள்ளக்காரனுக்காக என்ட புள்ளயக் கட்டிப்பிடிக்கச் சொல்லுறீங்களா?”

“படத்துக்குத்தானேகா.”

ஒரு கிழமை இழுபட்டது. கடைசியில் இரண்டு தாய்மாரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தோளில் கை போடலாம். தலை சாய்க்கலாம். நெற்றியில் ஒரு முத்தம், ஒன்றே ஒன்று. அறைக்குள் படம் வேண்டாம். ராணி கமராவுக்குப் பக்கத்தில் நிற்பாள். நான் அவற்றை ஒழுங்காக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே போட வேண்டிய குறிப்பையும் சேர்த்து ஊருக்கு அனுப்பினேன். எடுக்காத படத்துக்குக் குறிப்பு எழுதியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

துஷாந்தி என்னை அழைத்தாள்.

“மாமா, நீங்க அனுப்பினதெல்லாம் வாசிச்சன். நெத்தியில முத்தம் எண்டு இருக்கு. ஆர் கேட்டது?”

“அலுவலகம் கேக்குது புள்ள.”

“அது சரி. என்னட்ட ஆர் கேட்டது?”

“படந்தானே புள்ள,” என்றேன்.

“ம்,” என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை “ம்” என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். நானும் எடுத்துக்கொண்டேன்.

4

அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை இறுதி வருடம். பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது செய்து காட்சிக்கு வைக்க வேண்டும், அவளும் உடுக்கிற மாதிரி ஒன்று செய்கிறாள் என்று ராணி சொல்லியிருந்தாள். தையல் என்று விளங்கிக்கொண்டோம். தையல் நல்லது, இங்கே வந்தாலும் உதவும் என்றாள் மலர்.

அவள் எடுத்தது கரப்பு. வாவியில் ஆழமில்லாத இடத்தில் மீனுக்கு மேல் கவிழ்க்கிற கூடை. வீட்டில் கோழிக் குஞ்சுகளை மூடி வைப்பதும் அதுதான். வடமோடிக் கூத்தில் அரசன் உடுப்பதும் அந்த அமைப்பில் செய்ததுதான். இடுப்பில் கட்டிய பிரம்பு வளையங்கள், மேலே துணி, கண்ணாடித் துண்டுகள். கரப்புடுப்பு என்போம். சின்ன வயதில் நான் பார்த்த அரசர்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார முடியாது. சுற்றி ஆடும்போது உடுப்பு தன் பாட்டில் இடம் பிடிக்கும், மற்ற ஆட்டக்காரர் ஒதுங்குவார்கள். அரசனுக்கு மரியாதை அவன் ஆட்டத்தால் வருகிறதா, அகலத்தால் வருகிறதா என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆட்டம் முடிந்ததும் அவன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நிற்பான். இரண்டு பேர் வந்து அவிழ்த்து விடுவார்கள். தன் உடுப்பைத் தானே கழற்ற முடியாத அரசன்.

துஷாந்தி அதில் இரண்டு மாற்றம் செய்தாள். முதலாவது, அளவு. அப்பாவுக்குச் சட்டை தைக்கப் போகிறேன் என்று சொல்லி, ராணியின் கணவர் தங்கராசா அத்தானின் கையைத் தோளிலிருந்து விரல் நுனிவரை நூலால் அளந்தாள். அதற்கு மேல் நாலு விரல் கூட்டினாள். அதுதான் நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள தூரம். ஓர் ஆண் எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. இரண்டாவது, பூட்டு. முன்பக்கத்தில் வளையங்களை வெட்டிக் கதவு போல் திறக்கும்படி செய்து, கொழுக்கியை உள்ளே வலது இடுப்போரம் வைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் கதவு இருப்பதே தெரியாது. உள்ளே நிற்பவள் நினைத்தால் மட்டும் திறக்கும்.

சட்டைக்குக் காத்திருந்த அத்தான், அறுவடைக்கு வயல் வட்டைக்குப் போகும்போதும் அதைக் கேட்டுக்கொண்டே போனாராம்.

5

அன்று நடந்ததை மூன்று பேர் எனக்கு மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒத்துப்போகிற பகுதிகளை மட்டும் எழுதுகிறேன்.

படம் எடுக்கும் தம்பி வந்தாயிற்று. மகன் வேட்டியோடு கரையில் நிற்கிறான். துஷாந்தி உடுத்திக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுப் பின்பக்கம் போனாள். அந்த உடுப்பு வாசற்படிக்குள் நுழையாது; முற்றத்தில் வைத்துத்தான் உடுக்க வேண்டும். வேலியைச் சுற்றி அவள் வந்தபோது முதலில் வந்தது வளையம், பிறகுதான் அவள். பக்கத்து வளவில் நாய் குரைத்தது. ராணி கையிலிருந்த குங்குமச் சிமிழைக் கீழே போட்டாள்.

“என்ன புள்ள இது கோலம்?”

“பைலுக்கு உடுப்பு அம்மா.”

தம்பி நல்ல பிள்ளை. தொழிலைக் கைவிடவில்லை. “சரி அக்கா, மொடல் புதிசா இருக்கு. மாப்பிள்ள, கொஞ்சம் கிட்ட வாங்க,” என்றிருக்கிறான். மகன் கிட்டப் போனான். முன்பக்க வளையம் அவன் முழங்காலில் முட்டியது. பின்பக்கம் ஆள் உயரத்துக்குக் கிளம்பியது. பின்பக்கத்தைச் சரி செய்ய ராணி ஓடினாள். முன்பக்கம் கிளம்பி மகனின் நெஞ்சில் தட்டியது.

“அக்கா, விடுங்க. ஒருத்தர் அழுத்தினா மத்தப் பக்கம் எழும்புது.”

“தங்கச்சி, நீங்களாவது குனியுங்களன்,” என்று துஷாந்தியிடம் திரும்பினான் தம்பி.

“நான் ஏன் குனியணும்?” என்றாள் துஷாந்தி.

தம்பி என்னைத்தான் அழைத்தான். நான் பஸ்ஸில் அந்தப் படத்தோடு இருந்தேன். “அண்ண, நீங்க எழுதித் தந்த ஒண்டும் எடுக்க ஏலா. ரெண்டு பேரும் பிறேமுக்குள்ள அடங்கல்ல. அடங்கப் பின்னுக்குப் போனா நான் வாவிக்குள்ள நிக்கிறன்.”

இதற்குப் பிறகு நடந்ததை மகன் மட்டும் எனக்குச் சொன்னான். அவன் வளையத்துக்கு வெளியே நின்று அவளிடம் கேட்டிருக்கிறான்.

“நான் உள்ளுக்கு வரலாமா?”

“இண்டைக்கு இல்ல.”

“சரி,” என்றிருக்கிறான்.

அவ்வளவுதான். ராணி அழுதுகொண்டும், தம்பி கமராவைத் துடைத்துக்கொண்டும் இருக்கும்போது அவள் சொன்னாளாம்: “மச்சான், எழுத்துக்கு நான் விருப்பத்தோடதான் கையெழுத்து வெச்சன். இப்ப கடதாசிக்கு ஒரு மாதிரி நில்லு எண்டுறாங்க, ஊருக்கு ஒரு மாதிரி நில்லு எண்டுறாங்க. என்னத் தொடுறதெண்டா என்னட்டக் கேக்கிற ஆள்தான் எனக்கு வேணும். நீங்க அந்த ஆளா எண்டு எனக்கு இன்னும் தெரியா. தெரிஞ்ச மறுகா தாலிக்கு ஓம் சொல்லுறன்.”

கலியாணம் என்று நாங்கள் மண்டபம் விசாரித்துக்கொண்டிருந்தோம். அவள் இன்னும் ஓம் சொல்லவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. படத்தைவிட அதுதான் என்னை அடித்தது.

6

அடுத்த நாள் ராணி வீடியோவில் வந்தாள். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துத் திறந்தேன். அவள் முற்றத்தில் நின்றாள். இடுப்பில் சிவப்பு வளையம். போனைத் துஷாந்தி பிடித்திருந்தாள்.

“என்ன ராணி, நீயுமா?”

“சும்மா போட்டுப் பாப்பம் எண்டு நிண்டனான் அண்ண.”

“கழட்டன். ஆக்கள் பாக்கப் போறாங்க.”

“பாக்கட்டும்,” என்றாள். பிறகு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். “அண்ண, விடிஞ்சா பொழுதுபட்டா ஆராவது ஒராள் என்ட சீலைத் தலப்பப் புடிச்சு இழுத்துத்தான் ஒண்டக் கேக்கிற. இதுக்குள்ள நிண்டா இழுக்க ஏலா. விடியக்காலத்தால இவர் வந்தாரு. தலப்பப் புடிக்க எட்டினாரு, ஏலல்ல. மறுகா ராணி எண்டு கூப்பிட்டாரு.”

“அதுக்கு?”

“அதுக்கொண்டுமில்ல. அவர் வாயில என்ட பேரக் கேட்டு எவ்வளவு காலம்.”

ஐம்பது வயது தாண்டிய என் தங்கை, கோழிக் கூட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில், கூத்து அரசன் மாதிரி நின்று கொண்டிருந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு காட்சி நாளில் அந்த உடுப்பை ஓட்டோவுக்கு மேலே கட்டி வந்தாறுமூலைக்குக் கொண்டு போனவளும் அவள்தான். வந்த பெண்கள் வரிசையில் நின்று உடுத்துப் பார்த்தார்களாம். கொழுக்கி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருத்திக்கும் காதுக்குள் சொல்லிக் கொடுத்தது ராணியாம்.

இங்கே மகன் ஒரே ஒரு படத்தோடு திரும்பி வந்தான். நான் மேசைக்காரன்; பழக்கம் விடாது. அந்தப் படத்தைக் கணினியில் போட்டு, இடுப்புக்கு மேலே வெட்டிப் பார்த்தேன். வளையம் போய்விட்டது. நீட்டிய கை, பக்கத்தில் முகம், பின்னால் தண்ணீர். கை தோளுக்குப் போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. அலுவலகம் கேட்ட நெருக்கம் முழுவதும் அதில் இருந்தது.

மலர் என் தோளில் தட்டினாள். “இதத்தான் அனுப்புங்க. ஆருக்குத் தெரியப் போகுது.”

மகன் எட்டிப் பார்த்தான். “அவ அதக் கஷ்டப்பட்டுச் செஞ்சது வெட்டுறதுக்கில்ல அப்பா.”

“பைல் முக்கியமா, உடுப்பு முக்கியமா மனே?” என்றாள் மலர்.

அவன் முழுப் படத்தையும் அப்படியே பைலில் ஏற்றிவிட்டான். கீழே என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டான். இருக்கிறதை எழுது என்றேன். மணப்பெண் தானே செய்த உடுப்பில், மணமகன் அவள் அனுமதித்த தூரத்தில், என்று அவனே எழுதினான். அந்த வசனத்தில் நான் கை வைக்கவில்லை.

7

மாசி மாதப் பனியில், சனிக்கிழமை வாசல் வழித்து, திங்கட்கிழமை திரும்பவும் வழித்துக்கொண்டிருந்த ஒரு கிழமையில், அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. மகன் சமையலறை மேசையில் இருந்து கதைத்தான். மலர் அடுப்பை அணைத்தாள். நான் கதவடியில் நின்றேன்.

முதல் கேள்விகளுக்கு நன்றாகத்தான் பதில் சொன்னான். எப்போது சந்தித்தது, யார் யார் எழுத்துக்கு வந்தது. பிறகு அதிகாரி, பதிவுக்குப் பின் இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்களா என்று கேட்டிருக்கிறார். ஊருக்குப் போய் நின்ற இரண்டு கிழமையிலும் அவர்களுக்கிடையில் என்ன இருந்தது, அல்லது ஏன் இருக்கவில்லை என்று.

மகன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். என்னைப் பற்றி எதுவும் கேளுங்கள், சொல்கிறேன். இது அவளுடையதும்தான். அவளைக் கேட்காமல் நான் சொல்ல மாட்டேன்.

மலருக்கு அந்தளவு ஆங்கிலம் தெரியும். நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பத்திரிகையில் இருந்த காலம் முழுவதும், பதில் சொல்ல மறுத்தவரை நாங்கள் குற்றவாளியாகத்தான் தலைப்புப் போட்டோம். அந்த அதிகாரியும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்தது. நன்றி, தீர்மானம் எழுத்தில் வரும் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

“என்ன மனே செஞ்ச நீ? ஓம் எண்டு ஒரு சொல் சொன்னா முடிஞ்சிருக்குமே.”

“அம்மா, அவட கதைய நான் எப்பிடிச் சொல்லுற?”

“அப்ப அவளிட்டயே சொல்லு, பைலக் கெடுத்துப் போட்டன் எண்டு.”

அவன் அப்போதே அழைத்தான். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் சொன்னான். பைல் அனேகமாகப் போய்விடும், மன்னித்துக்கொள் என்றான்.

பாத்திரச் சத்தம் நின்றது.

“உண்மையா அப்பிடியா சொன்ன நீங்க?”

“ஓம்.”

“இங்கிலீசிலயா?”

“ஓம்.”

“எங்க, அப்பிடியே சொல்லுங்க பாப்பம்.”

அவன் ஆங்கிலத்தில் திரும்பவும் சொன்னான். அவள் சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“மாமி பக்கத்தில நிக்காவா?”

“நிக்கிறன் புள்ள,” என்றாள் மலர்.

“மாமி, தாலிக்கு ஆவணிக்குள்ள ஒரு நாள் பாருங்க. நான் ஓம்.”

மலர் கதிரையைப் பிடித்தாள். “அது சரி புள்ள. பைல் வராட்டி என்ன செய்யிற?”

“வராட்டி மச்சான் இஞ்ச வரட்டும். நம்மட பக்கம் மாப்பிளதானே பொண் வீட்டுக்கு வாற. அம்மா எனக்கெண்டு வீடு கட்டி வெச்சிருக்கா. யன்னலுக்குப் பெயின்ற் மட்டுந்தான் மிச்சம்.”

யார் யாரை எப்போது இங்கே கூப்பிடுவது என்பதைத் தவிர வேறு பேச்சு இந்த வீட்டில் இருந்ததில்லை. இங்கிருந்து ஒருவர் அங்கே போவது என்பதை நாங்கள் ஒரு சொல்லாகக்கூட வைத்திருக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது புதிதல்ல. வவுணதீவில் மலர் வீட்டுக்கு நானும் ஒரு பெட்டியோடு போனவன்தான். என் அம்மா வாசலில் நின்றபடி அனுப்பினார். மலர் என்னைப் பார்த்தாள். பிள்ளையை அனுப்புகிற பக்கத்தில் இப்போது தான் நிற்பது அவளுக்கு விளங்கியது. முகம் வெளுத்திருந்தது.

“மச்சான்,” என்றாள் துஷாந்தி போனில். “இனி ஸ்பீக்கர நிப்பாட்டுங்க.”

மகன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தான்.

“ஜக்கெற்றப் போடு மனே!” என்று மலர் கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

நான் யன்னலடிக்குப் போனேன். நான் வழித்துக் குவித்த பனிக்கு நடுவில் அவன் மேலும் கீழும் நடந்தான். தலை குனிந்திருந்தது. ஏதோ சொன்னான், நின்றான், கேட்டான், வாய்விட்டுச் சிரித்தான். பிறகு முகம் மாறியது. என்ன சொல்லியிருப்பாள் என்று கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போனேன்.

“என்ன கதைக்கிதுகள்?” என்று மலர் பின்னால் வந்து கேட்டாள்.

“கேக்குதில்ல.”

அவளும் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னைக் கையால் விலக்கிவிட்டு, யன்னல் சீலையை இழுத்து மூடினாள்.